நாலாவது டிக்கெட்

காரில் தூரம் போவதென்றால் எனக்கு முன்சீட்டுதான் வேண்டும். பின்னால் உட்கார்ந்தால் திருப்பத்தூர் தாண்டுவதற்குள் வயிற்றைப் புரட்டும். அன்றைக்கும் முன்னால்தான் இருந்தேன். கையில் எலுமிச்சம்பழம், மடியில் கைப்பை. பையில் என்ன இருந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். முதலில் அந்த டீயைக் குடியுங்கள் தாயி. காலையிலிருந்து நீங்களும் ஒன்றும் சாப்பிட்ட மாதிரித் தெரியவில்லை.

மதுரையில் எகிப்து கண்காட்சி போட்டிருக்கிறார்கள் என்று சொன்னவள் என் மகள் தீபலட்சுமி. லீவுக்கு வந்திருந்தாள். போனிலேயே நாலு டிக்கெட் எடுத்தாள். அவளுக்கு, அவள் அப்பா பெரியகருப்பனுக்கு, எனக்கு, அவள் அத்தை யோகலட்சுமிக்கு.

யோகம் என் வீட்டுக்காரரின் தங்கை. நான் கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. தாய் இல்லை. மூச்சிழுப்பு வேறு. தலை பின்னிவிட்டதிலிருந்து ராத்திரி முதுகைத் தடவிவிட்டது வரை நான்தான். எங்கள் வீட்டின் பின்கட்டில் நெல் அறை ஒன்று இருக்கிறது. ஜன்னல் கிடையாது. சிங்கம்புணரிப் பக்கத்து வயலிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கினால் அறை முழுக்க நெல் சுணைத் தூசி பறக்கும். மூச்சில் போனால் அவளுக்கு நெஞ்சு அடைத்துவிடும். அதனால் அந்தக் கதவுப் பக்கமே அவளை நான் விட்டதில்லை. பக்கத்து வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பெண் கேட்டு வந்தவர்களிடம் நான் எதையும் மறைத்ததில்லை. காப்பியைக் கொடுக்கும்போதே, "இழுப்பு உண்டு, ராத்திரி பக்கத்துல ஆள் முழிச்சிருக்கணும்" என்று சொல்லிவிடுவேன். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள். உண்மையைச் சொல்வது எனக்குப் பழக்கம்.

இப்படியே அவளுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. வீட்டு வேலை முழுக்க அவள் கைக்குள். எனக்கு முட்டி ஆபரேஷன் நடந்த சமயத்தில் என்னைக் குழந்தை மாதிரிக் குளிப்பாட்டியவள் அவள்தான். "யோகம்" என்றால் போதும், எந்த மூலையிலிருந்தாலும் "இந்தா வந்துட்டேன் மதினி" என்று குரல் வரும். அந்தக் குரல் இல்லாமல் அந்த வீட்டில் நான் ஒருநாளும் இருந்தது கிடையாது.

மதுரைக்குப் போவதற்கு முதல்நாள் சாயங்காலம், பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

"மதினி, நாளைக்கு நான் வரலை. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

"ஏன்டி, மம்மியைப் பாக்கப் பயமா?"

"செக்காலையில மிக்ஸி ரிப்பேர் பாக்குறாகல்ல, அழகுசுந்தரம். அவுக தாலி வாங்கி வச்சிருக்காக. நாளைக்குக் காலையில குன்றக்குடியில முகூர்த்தம். அண்ணனுக்குத் தெரிஞ்சா விடாது. உங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன்."

"அதுக்குத்தான் மாசத்துக்கு ஒரு தடவை மிக்ஸி ரிப்பேராச்சா?"

"மிக்ஸி நல்லாத்தான் ஓடுச்சு மதினி. நாந்தான் வயரைப் பிடுங்கிப் பிடுங்கி எடுத்துக்கிட்டுப் போனேன்."

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு படுத்துக்கொண்டு யோசித்தேன். என்னைப் பற்றி அல்ல. அந்த அழகுசுந்தரத்துக்கு இழுப்பு வந்தால் பார்க்கத் தெரியுமா என்றுதான் யோசித்தேன்.

காலையில் காரில் ஏறும்போது என் வீட்டுக்காரர், "யோகம் எங்க?" என்றார். தலைவலி என்று படுத்திருக்கிறாள், எழுப்ப வேண்டாம் என்றேன். எங்கள் வீடு இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடு. பின்கட்டில் பேசுவது வாசலுக்குக் கேட்காது. அவள் தூங்கட்டும் என்று தலைவாசலை வெளியே பூட்டிவிட்டுக் கிளம்பினோம்.

கண்காட்சி வாசலில் பையை மிஷினுக்குள் விட்டு எடுத்தார்கள். காவலுக்கு நின்ற ஆள் உள்ளே கைவிட்டு, ஊதா நிறத்தில் இருந்ததை எடுத்தார்.

"இது என்னம்மா?"

"இழுப்புக்கு உறிஞ்சுற மருந்து."

"உங்களுக்கா?"

"இல்லை, வீட்டுல உள்ளவுகளுக்கு."

அவர் திரும்ப வைத்துவிட்டார். தீபா பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை மருந்து ஏம்மா உங்கிட்ட இருக்கு?" என்றாள். "வீட்டுல இன்னொண்ணு இருக்குடி" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன பொய் இரண்டு. தலைவலி என்றது ஒன்று, இது ஒன்று. தீபாதான் இதை ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னாள் என்றீர்கள். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை. பொய் சொல்லாத பிள்ளையாகத்தான் வளர்த்தேன்.

நாலாவது டிக்கெட் வீணாகப் போகிறதே என்று மனசு கேட்கவில்லை. வரிசையில் நின்ற யாரோ ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். "நல்லா இருப்பீகம்மா" என்றாள்.

உள்ளே ஏசி நன்றாக இருந்தது. எல்லாம் அசல் மாதிரியே செய்து வைத்தவைதானாம். ராணியின் சீப்பு, கண்ணாடி, மைச்சிமிழ், செருப்பு. சௌபர்ணிகா என்று ஒரு பெண் விளக்கம் சொன்னாள். ராணியின் பக்கத்தில் விரல் நீளத்துக்கு வரிசையாகப் பொம்மைகள். செத்தபிறகு அந்த உலகத்தில் ராணிக்கு வேலை வந்தால் கூப்பிடுவாளாம். இந்தப் பொம்மை எழுந்து, "இந்தா இருக்கேன்" என்று சொல்லிப் போய்ச் செய்ய வேண்டுமாம்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "நம்ம யோகம் மாதிரி."

"அத்தைக்கிட்ட சொன்னா அடிக்க வரும்ப்பா" என்றாள் தீபா.

"ரொம்ப ரொம்ப ஆதியில பொம்மை கிடையாது" என்றாள் அந்தப் பெண். "ராஜா செத்தா வேலைக்காரங்களையும் கூடவே வச்சு மூடிருவாங்களாம். அப்புறந்தான் பொம்மை வந்துச்சு."

மணி அப்போது பன்னிரண்டை நெருங்கியிருந்தது. முகூர்த்தம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. கையில் போன் இருந்தது. பக்கத்து வீட்டுக்குச் சொன்னால் தலைவாசல் பூட்டை உடைத்து உள்ளே போக நாலு ஆள் வருவார்கள். அதையும் யோசித்தேன். ஆனால் தீபாவுக்குப் பசி வந்துவிட்டது. பிள்ளை லீவுக்கு வந்திருக்கிறாள். சாப்பிடப் போனோம். சாப்பிட்டுவிட்டு, பார்க்காமல் விட்ட ஹாலையும் போய்ப் பார்த்தோம். வெளியே கடை போட்டிருந்தார்கள். யோகத்துக்கு என்று அந்தப் பொம்மையில் ஒன்று வாங்கினேன்.

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. அவர்கள் இரண்டு பேரையும் கைகால் கழுவச் சொல்லிவிட்டு நான் பின்கட்டுக்குப் போனேன். நெல் அறைப் பூட்டைத் திறந்து பூட்டைத் தனியே எடுத்து வைத்தேன். பிறகுதான் கூப்பாடு போட்டேன். மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாம்பழக் கலரில் புதுச்சேலை. சுணை படாமல் முந்தானையை மடித்து மடியில் வைத்திருந்தாள். எப்போதும் சுத்தம் பார்ப்பாள். அடுப்படியில் அவள் போன் சார்ஜில் கிடந்தது. அழகுசுந்தரம் பலமுறை கூப்பிட்டிருந்தார். வாசல்வரை வந்தும் பார்த்தாராம். பூட்டைக் கண்டு, மனசு மாறி மதுரைக்குப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டாராம். பாவம்.

ஏதோ எடுக்கப் போனவளுக்கு மூச்சு அடைத்துவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். கல்யாணமாகாமல் போனவள் என்பதால் எங்கள் வழக்கப்படி வீட்டுச் சாமியாக வைத்துவிட்டோம். ஓலைப்பெட்டியில் சேலை, சீப்பு, கண்ணாடி, வளையல். மதுரையில் பார்த்த ஞாபகத்தில் செருப்பையும் பக்கத்தில் வைத்தேன். அந்தப் பொம்மையும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு ஏற்றுகிறேன். மிக்ஸிக் கடைக்காரர் வீட்டுக்குப் போயிருந்தால் இந்த மரியாதை கிடைத்திருக்குமா, சொல்லுங்கள்.

அவள் எப்படி அந்த அறைக்குள் போனாள் என்று கேட்கிறீர்கள். நான்தான் அனுப்பினேன். காலையில் புதுச்சேலை கட்டிக்கொண்டு என் காலில் விழுந்தாள். "வெறுங்கையா போகாதடி. எனக்குச் சீரா வந்த குத்துவிளக்கு நெல் அறையில இருக்கு. நீ எடுத்துக்க, நான் குடுக்குற சீர்" என்றேன். கண்கலங்கிவிட்டாள். மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, "இந்தா, ஒரு நொடியில எடுத்துட்டு வந்துர்றேன் மதினி" என்று உள்ளே போனாள். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். அவள் மருந்து அடுப்படி மேடையில் இருந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சாவியையும் போட்டுக்கொண்டேன். பையில் இருந்தது இவ்வளவுதான்.

"மதினி, கதவு சாத்திக்கிருச்சு" என்றாள் உள்ளேயிருந்து. தானாகச் சாத்திக்கொண்டது என்றுதான் நினைத்திருக்கிறாள்.

"இந்தா வந்துட்டேன்" என்றேன். வாசலில் கார் ஹாரன் அடித்தது.

விளக்கைக் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இப்போது அவள் படத்துக்கு முன்னால் எரிவது அதுதான். கொன்றீர்களா என்று கேட்டால், ஆமாம் என்றே எழுதிக்கொள்ளுங்கள் தாயி, கையெழுத்துப் போடுகிறேன். அவளைக் கொடுமைப்படுத்தினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவளை வீட்டை விட்டுப் போ என்று நான் சொன்னதில்லை.