மணி அடிச்சா போகலாம்

தலைய ஆட்டாதீங்கய்யா, கத்தி தொண்டையில இருக்கு. பதிலும் சொல்ல வேணாம், நுரை வாய்க்குள்ள போயிடும். எங்க விட்டேன்... ஆங், எங்க மசோதா. இந்த நாடாளுமன்றக் கட்டடத்துல ஒப்பந்தத்துல வேலை பாக்கறவங்களையெல்லாம் நிரந்தரமாக்கற மசோதா. கீழவையில போன வருஷமே பாஸாயிடுச்சு. அன்னிக்கு இந்த சலூனுக்கு வந்த ஒவ்வொருத்தரும் அந்த மசோதா தான் பெத்த பிள்ளைங்கற மாதிரி என் தோளத் தட்டிட்டுப் போனாங்க.

அப்புறம் மேலவைக்கு வந்துச்சு. உங்க இடத்துக்குத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. கீழ அவசரத்துல செய்யறத மேல நிதானமாப் பாப்பாங்களாம். ஆஹா, நிதானம்னா அப்படியொரு நிதானம்! ஒரு குழு போட்டாங்க. குழு உக்காந்து, டீ குடிச்சு, 'தொழிலாளர்'ங்கறத 'பணியாளர்'னு மாத்திச்சு. அவ்வளவுதான் வேலை. ஒரு வார்த்தை மாறினாலும் கீழவை மறுபடி ஒத்துக்கணுமாமே? கீழ அனுப்பினாங்க. அவங்களுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. ஜனங்ககிட்ட ஓட்டு கேட்டு வந்தது நாங்க, எங்க வார்த்தையில கை வைக்க இவங்க யாருன்னு, பழைய வார்த்தையவே போட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டு சபைக்கும் நடுவுல ஒரே ஒரு வராந்தா. அதத் தாண்ட ஒரு வருஷம். சம்பந்தி சண்டையில மாட்டின தரகர் கூட இப்படி அலைஞ்சிருக்க மாட்டார்.

கொஞ்சம் அண்ணாந்து பாருங்க... அப்படித்தான். ஆள் உக்கார்றதப் பாத்தே எந்த சபைன்னு சொல்லிடுவேன். கீழவைக்காரருக்கு எப்பவும் அடுத்த தேர்தல் பயம், வந்ததும் தலைக்குச் சாயம் கேப்பார். மேலவைக்காரரை ஆறு வருஷத்துக்கு யாரும் அசைக்க முடியாது, சாஞ்சதும் குறட்டை. பட்ஜெட்ட நிறுத்த உங்களால முடியாது, ஆனா அதப் பத்தி ஒரு வாரம் பேசுவீங்க. எங்க மசோதான்னா மட்டும் கத்திரி எங்கேருந்தோ வந்துடுது.

இன்னிக்கு உங்க சபை ஓட்டெடுப்புல அது தோத்துச்சுன்னா மாசக் கடைசியோட எங்க ஒப்பந்தம் முடிஞ்சுதுய்யா. வெளியிலேருந்து ஏதோ கம்பெனி வருதாம். வீட்ல அவளுக்கு இன்னும் சொல்லல, சொல்ற தைரியமும் இல்ல. அதனாலதான் வராந்தாவுல போன உங்களக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். எங்க பக்கம் ஓட்டுப் போடுவீங்கல்ல? ஆட்டாதீங்கன்னேன்ல! கண்ண ஒரு தடவ மூடித் திறந்தாப் போதும். ஆங்... நல்லா இருங்க, மகராசனா இருங்க.

ஏன் நெளியறீங்க? ஓட்டெடுப்புன்னா மணி அடிப்பாங்கய்யா. எல்லா ரூம்லயும் மணி இருக்கு, அதோ நம்ம கதவுக்கு மேலயும் இருக்கு. அது அடிச்சு ஓயறதுக்குள்ள நடந்தே போயிடலாம். ஓய்ஞ்சாத்தான் மேலவைக் கதவப் பூட்டுவாங்க. பூட்டறது என் மச்சான்தான், ராஜாவே வந்தாலும் திறக்க மாட்டான். ஆனா அந்த மணி ஒரு சனியன். சபையில ஆள் சேரலேன்னாலும் அடிக்கும். போன வாரம் திடீர்னு அலறி, என் கை ஆடி, ஒரு கீழவைக்காரர் காதுல கீறல். அவர் ஊரையே கூட்டிட்டார்.

இதோ, மச்சானே வர்றான். என்ன மச்சான், கதவ விட்டுட்டு இங்க... முடிஞ்சுதா? எது முடிஞ்சுது? ரெண்டு பக்கமும் சமமா நின்னு, சபைத் தலைவர் தன் ஓட்ட எதிர்த்துப் போட்டுட்டாரா? அடப்பாவிகளா. இன்னும் ஒருத்தர் நம்ம பக்கம் இருந்திருந்தா ஜெயிச்சிருக்குமே. எவன்யா அந்த வராத ஆளு? எங்க போய் உக்காந்துட்டு... ஏன் மச்சான் இவரையே பாக்கற?

மணி அடிச்சுதா? நல்லா அடிச்சுதா? இங்க ஒண்ணும் கேக்கலையே... எப்படிக் கேக்கும். அந்தக் காது கீறின அன்னிக்கு நான்தானே ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு பழைய துண்ட அதுக்குள்ள...

ஐயா, எந்திரிக்காதீங்க. ஒரு பக்கம் அப்படியே பாக்கி இருக்கு. ஐயா... ஐயா...

போயிட்டாரு. நுரையோடவே போயிட்டாரு.

மச்சான், அந்த ஸ்டூல இப்படித் தள்ளு. துண்ட எடுத்துடறேன். எனக்கப்புறம் இங்க கத்தி பிடிக்கப் போறவனுக்காவது மணி கேக்கட்டும்.