பூனையின் ஸலாம்

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள், பக்கத்தில் இருந்த மூத்தவளிடம் சொன்னாள்: "எங்கட பூனை எனக்கு ஸலாம் சொல்லுது, ராத்தா."

நான் ஃபோனை மடியில் வைத்துவிட்டேன்.

"வாயாலயா?"

"கண்ணால. என்னப் பார்த்து மெதுவா மூடித் திறக்கும். நானும் அப்படியே மூடித் திறந்தா, வாலைத் தூக்கிட்டு வந்து காலை உரசும்."

"ஸலாம் சொன்னா பதில் சொல்லத்தானே வேணும். ஒன்ட மனிசன் இன்னும் கோவமா?"

"ஓம். அவருக்கு வச்ச பாரைமீன் தலையைப் பூனைக்குப் போட்டதுல இருந்து என்னோட கதைக்கிறல்ல."

"அவருக்கும் கண்ணால ஒரு ஸலாம் சொல்லிப் பாரேன்."

"சொன்னேனே! நேத்து சாப்பிடக்குள்ள, முன்னுக்கு இருந்து, மெதுவா மூடித் திறந்தன்."

"என்ன செஞ்சார்?"

"'கண்ணுல மண் விழுந்திட்டா? ஊதிவிடவா?' எண்டு கேட்டார்."

ராத்தா சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். "அடியே, அப்ப கதைச்சிட்டாரே!"

ஜன்னலோரம் இருந்தவள் நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"அல்லாவே! நான்தான் ராத்தா, பதில் சொல்லாம எழும்பிப் போயிட்டன்."