கேரப் பாகு ஒரு பாட்டில்

கேரப் மரத்தின் இனிப்புக் காயில் பாகு காய்ச்சுவதற்குப் பொறுமை வேண்டும். அவசரப்பட்டால் அடிப்பிடித்துவிடும். என் மருந்துக்கடையில் எத்தனையோ மாத்திரைகள் இருந்தாலும், தொண்டை கட்டினால் ஊர்க்காரர்கள் கேட்பது நான் கையால் காய்ச்சும் அந்தக் கருப்புப் பாகைத்தான். எதிர்ச் சங்கத்து நீலக்காரர்களும் வாங்குவார்கள். நானும் முகம் சுளிக்காமல் கொடுப்பேன்.

உங்கள் ஊரிலும் இப்படித்தான் இருக்கும், இன்ஸ்பெக்டர். ஒரே சதுக்கம், இரண்டு பேண்டு சங்கங்கள், ஆளுக்கொரு புனிதர். எங்களுடையது சிவப்பு. எதிர்வாசல் நீலம். இருபத்தாறு வருடம் சிவப்புச் சங்கத்தின் செயலாளராக இருந்தேன். யார் மேலும் கைவைத்ததில்லை. எங்கள் திருவிழா ஊர்வலம் அவர்கள் வாசலைத் தாண்டும்போது பேண்டைக் கொஞ்சம் நின்று வாசிக்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

நாட்டுப்பற்றில் என்னை யாரும் குறைசொல்ல முடியாது. ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் மால்டாவுக்கு எந்த வருடம் யார் எத்தனை புள்ளி போட்டார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆரம்பத்தில் இரண்டு தடவை கடைசி. பிறகு இரண்டு தடவை இரண்டாவது. போன வருடம்வரை முதலிடம் மட்டும் வந்ததே இல்லை. அந்த இரண்டாவது இடங்களுக்கு நான் வாய்விட்டு அழுதிருக்கிறேன். நமக்கு நாமே ஓட்டுப் போட முடியாது என்பதால் மெல்போர்னில் இருக்கும் என் தங்கைக்கு வருடா வருடம் போன் செய்து போடச் சொல்வேன். இந்த வருடமும் சொன்னேன். பாட்டிலைக் கொடுத்த பிறகுதான் சொன்னேன்.

டோரியானாவைப் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். அவள் அப்பா நீலப் பேண்டில் டிரம்பெட் வாசிப்பவர். ஆறு வயதில் திருவிழாவில் பாதாம் கேக் தின்று, தொண்டை வீங்கி, என் கடைத் தரையில்தான் கிடந்தாள். நான்தான் ஊசி போட்டுப் பிழைக்கவைத்தேன். அவள் அம்மா என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். பாதாம் அவள் உடம்புக்கு ஒவ்வாது. அன்றிலிருந்து அவசரத்துக்குத் தொடையில் குத்திக்கொள்ளும் ஊசிப் பேனாவை வருடத்துக்கு ஒன்றாக என்னிடம்தான் வாங்குவாள்.

இந்த வருடம் அவள்தான் மால்டாவுக்காகப் பாடினாள். பந்தயக்காரர்கள் எல்லோரும் நாம்தான் முதலிடம் என்றார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு நீலச் சங்கம் வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். ஜெயித்து வந்தால் அவர்கள் பேண்டு, அவர்கள் கொடி, சதுக்கத்தில் இருபத்தொரு வெடி. எங்கள் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு. எங்கள் பையன்கள் சும்மா இருக்க மாட்டார்கள். மண்டை உடையும். ஊரின் அமைதிதான் எனக்கு முக்கியம்.

போட்டிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் கடைக்கு வந்தாள்.

"விஸ்டின் மாமா, தொண்டை கரகரங்குது. உங்க பாகு ஒரு பாட்டில் குடுங்க. அது இல்லாம நான் மேடையேற மாட்டேன்."

"சிவப்புக்காரன் குடுக்கறதை நம்பிக் குடிப்பியா?"

"உங்க ஆளுங்க பேண்டு வாசிக்கறதுதான் சகிக்காது. பாகு நல்லாத்தான் இருக்கு." சிரித்தாள். "ஜெயிச்சிட்டு வந்தா, முதல் பாட்டு உங்க கிளப் வாசல்லதான் மாமா. உங்களுக்காக."

எங்கள் வாசலில். அவர்கள் பேண்டோடு. அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள் என்றேன். மத்தியானம் கடை அடைத்திருக்கும் நேரத்தில் புதிதாகக் காய்ச்சினேன். பாதாமை மைபோல் அரைத்துச் சேர்த்தால் அந்த இனிப்பில் ருசி தெரியாது. குரல் கொஞ்சம் தடித்தால் போதும், பத்தாவது இடமோ என்னவோ வந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். பத்தாவது இடம் நமக்கொன்றும் புதிதல்ல.

அவள் அதை இறுதிச் சுற்று மதியம்வரை திறக்கவில்லை. ஒரு கரண்டிதான் குடித்தாள் என்றார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. மேடையில் அவள் முறை வந்தபோது, முந்தின நாள் ஒத்திகையில் எடுத்த வீடியோவைப் போட்டார்கள். சங்கத்தில் பெரிய திரையில் பார்த்தேன். நன்றாகப் பாடியிருந்தாள். உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் அறிவித்தார்கள். இறந்த செய்தியை ஓட்டு எண்ணி முடிக்கும்வரை வெளியே விடவில்லை. அதனால் அனுதாப ஓட்டு என்று யாரும் சொல்ல முடியாது. மால்டா முதலிடம். நானும் எழுந்து நின்று கைதட்டினேன்.

சவ ஊர்வலத்துக்கு நீலப் பேண்டுதான் வந்தது. எங்கள் வாசலில் நின்றது. எங்கள் பையன்கள், யாரும் சொல்லாமலே, சிவப்புக் கொடியைத் தாழ்த்தினார்கள். ஒருவன் மண்டையும் உடையவில்லை. எங்கள் பேண்டு ஆட்கள் போய் அவர்களோடு சேர்ந்து வாசித்தார்கள். சங்க விதியில் அதற்கு இடமில்லை என்று எடுத்துச் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

நீங்கள் ஊசிப் பேனாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் குத்திக்கொண்டாள், இரண்டு தடவை குத்திக்கொண்டாள், ஏன் வேலை செய்யவில்லை என்று. அது பழகிப் பார்ப்பதற்காகக் கடைகளுக்குத் தரும் பேனா. உள்ளே மருந்து இருக்காது. பழையதன் தேதி முடியப்போகிறது என்று சொல்லி, பாகோடு சேர்த்து நான்தான் மாற்றிக் கொடுத்தேன். லேபிளும் நானே ஒட்டினேன். மருந்துள்ள பேனாவைக் கொடுத்திருந்தால் எழுந்து வந்து பாடியிருப்பாள். பிறகு பாகு காய்ச்சியதற்கு என்ன அர்த்தம்?

சங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நீலக்காரர்கள் மேல் எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சின்ன உதவி மட்டும் வேண்டும். கடையைக் காட்டுவதற்கு என்னை ஊருக்குக் கூட்டிப் போகும்போது, பின்தெரு வழியாகப் போகலாம். சதுக்கத்தில் அவர்கள் கொடியை இன்னும் இறக்கவில்லை.