ஓடைத் தண்ணீரில் போட்ட தேநீர்

எனக்குத் தேநீர் என்றால் உயிர். ஆனால் ஒராஸ்பெக் வீட்டில் மட்டும், ஆராய்ச்சிக்காகப் போய்வந்த மூன்று வருடமும் வயிறு சரியில்லை என்று சொல்லி ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. எங்கள் கசாக் வீடுகளில் அது பெரிய மரியாதைக் குறைவு. என் வாக்குமூலத்தை இதிலிருந்தே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒராஸ்பெக் ஆடு மேய்ப்பவர். அந்தக் காலத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த மலையிலிருந்து இறங்கும் ஓடைதான் அவர்களுக்குத் தண்ணீர். அதில் டிரிட்டியம் இருக்கிறது, கதிர்வீசும் ஹைட்ரஜன். அது தண்ணீராகவே கலந்திருப்பதால் நிறமோ ருசியோ கிடையாது, கொதிக்க வைத்தாலும் போகாது. உடம்பில் போய் உயிரணுவின் குரோமோசோம்களை உடைக்கும். ஆய்வுக்கூடச் சுண்டெலிகளில் நான் அதைப் பார்த்துச் சலித்துவிட்டேன். மனிதரில் பார்க்க வேண்டியிருந்தது.

மாதம் ஒருமுறை போய், சர்க்கரைப் பரிசோதனை என்று சொல்லி ரத்தம் எடுத்தேன். கிழவர் கையை நீட்டிக்கொண்டே, "ஏம்மா, உன் எலிங்களுக்கும் இப்படித் தாடி உண்டா?" என்று கேலி செய்வார். நல்ல மனிதர். அவர் ரத்தத்தில் உடைந்த துண்டுகள் வருடத்துக்கு வருடம் கூடின. வரைபடத்தில் கோடு அழகாக ஏறியது.

மூன்றாம் வருடம் அவருடைய மருமகள் மர்ஷான் உண்டானாள்.

"அக்கா, ரெண்டு ஆடு கோணலாக் குட்டி போட்டிருக்கு. இந்தத் தண்ணி நல்லதுதானா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா மேட்டுக் கிணத்துப் பக்கம் போயிடுவோம்."

"தாராளமாக் குடி. பட்டணத்துல இப்படித் தண்ணி ஏது?" என்றேன்.

அவர்கள் இடம் மாறினால் மூன்று வருட வேலை பாழ். தொப்புள்கொடி ரத்தமும் எனக்குத் தேவைப்பட்டது. தெரிந்தேதான் குடிக்கச் சொன்னேன்.

குழந்தை பதினோரு நாள் இருந்தது. பெண். ஒரே ஒரு குழந்தையை வைத்துத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்ல முடியாது. எனக்கு அழுகை வரவில்லை, அதையும் எழுதுங்கள்.

துக்கம் விசாரிக்கப் போனேன். எங்களில் விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள், மறுபடி மறுபடி ஊற்றி உட்கார வைப்பதற்காக. விளிம்புவரை ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். மர்ஷான் விளிம்புவரை ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

"மூணு வருஷமா உங்களுக்கு வயித்துவலி. இன்னிக்கு ஒருநாள் குடிச்சிட்டுப் போங்கக்கா."

ஒரு கிண்ணத்தால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த மாவட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. ஆனாலும் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே வயிறு சரியில்லை.