எட்டாவது மூட்டை

ஐப்பசி மாதத்தில் கடற்கரை ஊர்களில் மை சீக்கிரம் காயாது. ஒரு வரி எழுதி, ஒற்றுத்தாள் வைத்து எடுத்து, அப்புறம்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். ஆகவே இதை எழுதி முடிக்கக் கொஞ்சம் நேரமாகும். மாஜிஸ்திரேட் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அடித்தல் திருத்தல் இல்லாமல் தருகிறேன்.

என் பெயர் நாறும்பூநாத பிள்ளை. உவரிக்கு வடக்கே ஒரு சிறு துறையில் சுங்கச்சாவடிக் குமாஸ்தா. தோணியில் வந்திறங்கும் சரக்கு ஒவ்வொன்றையும் தீர்வைப் புத்தகத்தில் தேடி, அது எந்த இலக்கத்தில் சேரும் என்று பதிவது என் வேலை. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகத் தெரியும். குடைக்கம்பி தனியாக வந்தால் அது இரும்பா, குடையா? மாசிக்கருவாடு மீனிலா, மளிகையிலா? ஒரு கம்பிக்கட்டுக்காக நான் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பக்கம் புரட்டியது உண்டு. தேடினால் எல்லாவற்றுக்கும் அந்தப் புத்தகத்தில் இடம் இருக்கிறது.

ஆறு வருஷமாக நான் ஆக்டிங் குமாஸ்தா. எனக்கு முன் இருந்த இரண்டு பேரும் லஞ்சம் வாங்கி வேலையை இழக்கவில்லை. எந்த இலக்கத்திலும் சேர்க்க முடியாத சரக்கை நிலுவை என்று ஒரு பதிவேட்டில் எழுதி வைப்போம். அந்தப் பதிவேடு அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. "இன்னொரு நிலுவையைக் கண்டால் நீர் போகலாம்" என்று சூப்பரிண்டெண்டு துரை ஆவணியில் என்னிடம் சொன்னார். என் மனைவி கோமு ஏழு மாதக் கர்ப்பிணியாக ஸ்ரீவைகுண்டத்தில் தாய் வீட்டில் இருந்தாள். நான் போகும்போதெல்லாம் என் மைத்துனன் வாசலிலேயே கேட்பான்: "வாங்க அத்தான். இன்னும் ஆக்டிங் மாப்பிள்ளைதானா?" எல்லாரும் சிரிப்பார்கள். கோமுவும் சிரிப்பாள். வேலையும் போய், அந்த வீட்டுக்குள் எப்படிக் கால் வைப்பது என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஐப்பசி ஆறாம் தேதி கொழும்புத் தோணி நனைந்து வந்தது. அதில் பன்னிரண்டு மூட்டை வெள்ளைப் பொடி. மேலே எழுதியிருந்த குறி முழுவதும் கடல் தண்ணீரில் கரைந்து போயிருந்தது. சரக்குச் சீட்டு மட்டும் தகரக் குழாயில் பத்திரமாக இருந்தது. எட்டு மூட்டை படிகாரம், ஸ்ரீவைகுண்டத்தில் வைத்தியலிங்கம் கடைக்கு. நாலு மூட்டை வெள்ளைப் பாஷாணம், தோல் கிடங்குக்கு. தோலில் பூச்சி விழாமல் இருக்க அதைப் பூசுவார்கள்.

சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. பதில் வர இருபது நாள் ஆகும். அதுவரை பன்னிரண்டும் நிலுவை. துரையோ மறுநாள் காலை பத்து மணிக்குத் தணிக்கைக்கு வருகிறார்.

படிகாரம் நாக்கில் துவர்க்கும். பாஷாணத்துக்கு ருசி கிடையாது. தராசுக்காரன் முத்துமாலையைக் கூப்பிட்டேன்.

"லே, ஒவ்வொரு மூட்டையிலும் விரல் நுனியால தொட்டு நாக்குல வச்சுச் சொல்லு. சொல்லிட்டுத் துப்பிரு."

"என்ன சரக்குய்யா?"

"படிகாரம். கலப்படம் இருக்கான்னு பார்க்கணும்."

"எம் பொஞ்சாதி வைக்கிற கொழம்பையே மொகஞ்சுளிக்காம திங்கவன்யா நான். இது என்ன பெரிய காரியம்."

பாஷாணம் என்று அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் நாக்கு பயந்துவிடும். பயந்த நாக்கு சரியாகச் சொல்லாது. ஏழு மூட்டைக்கு, "துவர்க்கு" என்றான். ஐந்து மூட்டைக்கு, "ஒண்ணும் தெரியலையே, சும்மா மண்ணு கணக்கா இருக்கு" என்றான். அந்த ஐந்தையும் இரண்டாம் தரம் பார்க்கச் சொன்னேன். ஐந்துதான்.

சீட்டில் படிகாரம் எட்டு, நாக்குக்கு ஏழு. கொழும்பில் ஏற்றியவன் தவறியிருக்கலாம். ஆனால் சீட்டில் முத்திரை இருக்கிறது, முத்துமாலையின் நாக்கில் முத்திரை இல்லை. ஐந்தில் அதிகம் நனைந்திருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். துவர்ப்பைக் கடல் தண்ணீர் கழுவிவிட்டது என்று வைத்துக்கொண்டு, அதன்மேல் படிகாரக் குறியை நானே எழுதினேன்.

மறுநாள் காலை மாட்டுவண்டியில் எட்டு மூட்டையையும் ஏற்றிக்கொண்டிருக்கையில் முத்துமாலையின் பெண்சாதி ஆறுமுகத்தாய் ஓடி வந்தாள்.

"அய்யா, நேத்து பொழுதடையத் தொட்டு வாந்தியும் பேதியுமாக் கெடக்காக. இங்கன என்னத்தத் தின்னாக?"

தோணி ஏஜெண்டு குற்றாலலிங்கம் பக்கத்தில் நின்றார். "என்னவே பிள்ளைவாள், சாவடியில விருந்தா? நமக்குச் சொல்லலையே" என்றார். நானும் சிரித்தேன். ஆறுமுகத்தாய் சிரிக்கவில்லை. கஞ்சித்தண்ணி கொடுக்கச் சொல்லி அவளை அனுப்பினேன். அவன் நாக்கு தவறவில்லை, ருசியில்லாத ஐந்துமே பாஷாணம்தான் என்று அப்போது எனக்குச் சந்தேகமறத் தெரிந்துவிட்டது. வண்டியை நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துரையின் குதிரைவண்டி வளைவில் வந்துகொண்டிருந்தது. மாட்டுவண்டி அதற்கு ஒதுங்கி வழிவிட்டுப் போயிற்று.

நிலுவைப் பக்கம் வெள்ளையாக இருந்தது. துரை என் தோளைத் தட்டினார். முத்துமாலை மூன்றாம் நாள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வந்தான்.

ஐப்பசி வெள்ளத்தில் தாமிரபரணி செக்கச்செவேல் என்று வரும். ஆற்றங்கரை வீடுகளில் குடத்துத் தண்ணீரில் படிகாரம் போட்டுத் தெளிய வைத்துத்தான் குடிப்பார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தண்ணீரை நானும் குடித்திருக்கிறேன். வைத்தியலிங்கம் கடைக்குத் தந்தி அடிக்கத் தந்தி ஆபீசுக்கு மூன்று தரம் நடந்தேன். மூன்று தரமும் தாளைப் பூர்த்தி செய்தேன். அனுப்புகிறவர் பெயர் எழுதும் இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஒரு தரம் தபால்காரர், "உடம்புக்கு என்ன பிள்ளைவாள், இப்படி வேர்க்கு?" என்று கேட்டார். மூன்று தாளையும் கிழித்துக் கடலில் போட்டேன்.

பன்னிரண்டாம் தேதி குற்றாலலிங்கம் வந்து சொன்னார். "ஸ்ரீவைகுண்டத்துல பேதி பரவுதாம்வே. ஒரே தெருவில ஆறு பேரு." ஊரெல்லாம் அதைப் பேதி என்றே நம்பியது. பேதிக்குப் பயந்து தண்ணீரை இன்னும் அதிகமாகத் தெளிய வைத்தார்கள். பாஷாணத்தில் கலங்கல் தெளியாது. தெளியவில்லையே என்று இன்னொரு கை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். இதைச் சாட்சிகள் சொல்லக் கேட்டேன்.

அன்றைக்கே கோமுவுக்குக் கடிதம் எழுதினேன். தங்கள் மேஜையில் இருப்பது அதுதான், கையெழுத்து என்னுடையது. "நம் வீட்டுத் தண்ணீரில் படிகாரம் போட வேண்டாம். இளநீர் குடி. காரணம் கேட்காதே. இந்தச் சங்கதி அடுத்த வீட்டு நீலாம்பாள் உட்பட யாருக்கும் தெரிய வேண்டாம்." நீலாம்பாளுக்குத் தெரிந்தால் கடைக்குத் தெரியும், கடைக்குத் தெரிந்தால் மூட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு அந்த வாரம் வர வேண்டியிருந்தது. பதினாலாம் தேதி வந்தது.

கடிதமும் பதினாலாம் தேதிதான் அவள் கைக்குப் போயிருக்கிறது. படித்தவள் வீட்டுக்குள் இருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடி, குடங்களைக் கவிழ்த்து, கடைசியில் கடிதத்தை மணியக்காரரிடம் கொடுத்திருக்கிறாள். அதற்குள் இருபத்துமூன்று பேர் இறந்திருந்தார்கள். அதில் பதினொன்று குழந்தைகள், மூன்று நீலாம்பாளுடையவை.

அந்த எட்டாவது மூட்டையில் இருந்தது பாஷாணம் என்று தெரிந்தே அனுப்பினேன். தெரிந்தே ஏழு நாள் பேசாமல் இருந்தேன். இதை யாரும் அடித்துச் சொல்ல வைக்கவில்லை.

நேற்று மாஜிஸ்திரேட் கச்சேரி வாசலில் கோமு என்னைப் பார்த்தாள். "எனக்கு ஒரு கடுதாசி எழுதின கை, நீலாம்பா மதினிக்கு ஒரு வரி எழுதாதா?" என்று கேட்டாள். பிள்ளைத்தாய்ச்சி, படபடப்பில் பேசுகிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கடிதத்தில் எழுதியிருந்தபடி அவள் நடந்திருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திராது.