ஒரு ஆள் குறையுது

இரவு பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் மேம்பாலத்துக்குக் கீழே, விளக்கு எரியாத சர்வீஸ் ரோடு. லாரி போனால் வெளிச்சம். போய்விட்டால்... ஒன்றும் இல்லை.

காஞ்சிபுரம் போகிற வேனில் ஒரு சீட்டு காலி. அது நிரம்பாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று டிரைவர் தாவீது சொல்லிவிட்டான். இல்லையென்றால் காலி சீட்டுக் காசை நாமே பங்கு போட்டுக் கொடுக்க வேண்டுமாம். பங்கு என்றதும் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். ஏஞ்சல் சிஸ்டர் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், கண் செருகுகிறது. ரேவதி சென்னையில் சிநேகிதியின் ரிசப்ஷனில் ஆடிவிட்டு, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு லைவ் லொகேஷன் அனுப்பியபடி இருக்கிறாள். அந்தப் புள்ளி அரைமணி நேரமாக நகரவில்லை என்று அம்மா இரண்டு முறை போன் செய்தாகிவிட்டது.

தூங்கலாம் என்றால் முழங்கால் முன்சீட்டில் இடிக்கிறது. ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். இதே இடத்தில் நடந்தது. என் நண்பன் முத்துக்குமாருடைய பெரியப்பாவுக்கு.

பெயர் கலியாணசுந்தரம். காஞ்சிபுரத்தை ஒட்டி, பாலாற்றங்கரையில் செவிலிமேட்டில் வீடு. பட்டுப்புடவை கமிஷன் வியாபாரம். ஊரில் எத்தனை சங்கம் இருக்கிறதோ அத்தனையிலும் அவர் ஏதாவது ஒன்றாக இருப்பார். மனிதர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் சத்தம்.

அவரிடம் ஒரு பழக்கம். யாரைப் பார்த்தாலும் வீட்டுக்குக் கூப்பிடுவார். பேங்க் மேனேஜர், டோல்கேட்டுப் பையன், பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர், யாரானாலும் சரி. நெஞ்சில் கை வைத்து, குரலைக் கொஞ்சம் இறக்கி... "அவசியம் வரணும். எப்ப வேணா வாங்க. நம்ம வீட்டை உங்க வீடா நினைச்சுக்கங்க." எந்தத் தெரு என்று மட்டும் சொல்ல மாட்டார். அவர்களும் கேட்க மாட்டார்கள். நமக்குள் இருக்கிற ஏற்பாடுதானே அது. கூப்பிடுகிறவர் கூப்பிட்டுவிட வேண்டும். மற்றவர் வராமல் இருந்துவிட வேண்டும்.

போன வருஷம் சித்திரையில் அவருக்குச் சென்னையில் விருது கொடுத்தார்கள். 'நெசவுச் செம்மல்'. அவர் தறியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, அது வேறு. விருதுக்கு நன்கொடை கட்டியதும் அவர்தான், அதுவும் வேறு. தெருமுனையில் பேனர் வைத்தாகிவிட்டது. விழாக்காரர்களே ஏசி கார் வைத்துக் கொண்டுவந்து விடுவார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது. மகன் பைக்கோடு வருகிறேன் என்றதற்கு, செம்மலை யாராவது பைக்கில் ஏற்றுவார்களா என்று கேட்டாராம்.

வடபழனிப் பக்கம் ஒரு ஹால். அன்றைக்கு மட்டும் ஐம்பது செம்மல்கள். காஞ்சிபுரத்துக்காரருக்குப் பாலியஸ்டர் பொன்னாடை போர்த்தினார்கள். கண்ணாடி மாதிரி ஒரு ஷீல்டு. இவர் முறை வந்தபோது போட்டோகிராபர் சாப்பிடப் போயிருந்தார். எல்லாம் முடிந்து, ஆறிப்போன இட்லியைத் தின்றுவிட்டுக் கார் எங்கே என்று பார்த்தால், அமைப்பாளர் தன் காரில் ஏறிக்கொண்டே கேட்டாராம்... "நீங்க எப்படி சார் போறீங்க?"

இவர் விட்டுக்கொடுப்பாரா? நெஞ்சில் கை. நம்ம வண்டி வருது, நீங்க கிளம்புங்க, காஞ்சிபுரம் வந்தா அவசியம் வீட்டுக்கு வரணும்.

கார் போன பிறகு போனை எடுத்து டாக்ஸி பார்த்தார். வாடகை, விருதுக்குக் கட்டிய நன்கொடையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் ஏறியது. போனைப் பையில் போட்டார். காஞ்சிபுரம் பஸ் போய்விட்டது, அடுத்தது விடிந்தால்தான். மகனைக் கூப்பிட்டால் கார் கதை கிழிந்துவிடும். ஆக... ஒரு டவுன் பஸ், அப்புறம் கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ஒரு வேனில் நின்றுகொண்டே, இங்கே வந்து இறங்கினார். இந்தத் தூணுக்குப் பக்கத்தில்.

வந்தவாசிக்குத் திரும்பிப் போகிற கார் ஒன்று நின்றது. டிரைவர் சிட்டிபாபு. காஞ்சிபுரம் தாண்டி செவிலிமேட்டு வழியாகத்தான் போவான். வீட்டுத் தெருமுனையிலேயே இறங்கிக்கொள்ளலாம், இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதே தகராறு. ஒரு ஆள் குறைகிறது. பங்கு போடுங்கள், இல்லை காத்திருங்கள். ஏற்கெனவே காரில் இருந்தவர்கள் தூங்கி வழிந்தார்கள். செம்மல் மட்டும் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். ஆள் பிடிக்கத் தெரியாதவன்தான் பங்கு கேட்பான் என்று டிரைவரைப் பார்த்து ஒரு வார்த்தை வேறு.

சர்வீஸ் ரோட்டில் இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். மேடைக் குரல். "காஞ்சிபுரம்... செவிலிமேடு... யாராச்சும் இருக்கீங்களா? வாங்க, வாங்க. ஒரு சீட்டு இருக்குது."

லாரி ஒன்று போனது. வெளிச்சம் போய் இருட்டானபோது, தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்றிருந்தான்.

நடு வயசு. வேட்டி. கையில் ஒன்றும் இல்லை. நேராக வந்து கதவோரம் உட்கார்ந்தான். பக்கத்தில் இவர். கார் கிளம்பியது.

கொஞ்ச தூரத்தில் வாடை வந்தது. பாசி வாடை. ரொம்ப நாள் தண்ணீர் நின்ற இடத்தில் வருமே, அது. பிறகு சத்தம்... சொட். சொட். அந்த ஆளின் வேட்டி நனைந்திருந்தது. கால் பக்கத்து ரப்பர் மேட்டில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மழை பெய்து இரண்டு மாதம் இருக்கும். பாலாற்றில் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த நாள் அது. இவருக்குப் பயம் வரவில்லை. தன் பட்டு வேட்டி நனைந்துவிடுமே என்றுதான் ஒதுங்கினார். எங்கே போகணும் என்று கேட்டதற்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று மட்டும் பதில் வந்ததாம்.

காஞ்சிபுரம் வந்தது. கோபுர விளக்கெல்லாம் அணைந்து கிடந்தது. ஊரைத் தாண்டி செவிலிமேட்டுத் திருப்பத்தில் கார் நின்றது. இவர் இறங்க வேண்டும் என்றால் கதவோரம் உட்கார்ந்தவன் முதலில் இறங்கி வழிவிட வேண்டும். இறங்கினான். இவரும் ஷீல்டு டப்பாவை அணைத்துக்கொண்டு இறங்கினார். இறங்கிய உடனே... பழக்கம் எங்கே போகும்? தூக்கக் கலக்கத்திலும் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"செவிலிமேட்டுப் பக்கம் வந்தா அவசியம் வீட்டுக்கு வரணும்."

அந்த ஆள் அவரைப் பார்த்தான். "எப்ப?" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஷீல்டு டப்பாவை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். பிறகு மிச்சமும் தானாகவே வந்துவிட்டது. "எப்ப வேணா வாங்க. நம்ம வீட்டை உங்க வீடா நினைச்சுக்கங்க."

கார் கிளம்பிப் போய்விட்டது. அந்த ஆள் திரும்ப ஏறினானா இல்லையா என்று இவர் பார்க்கவில்லை. சிட்டிபாபுவும் பார்க்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, எடுத்துவிட்டேன் என்றான் பிறகு. வந்தவாசி போய்ப் பார்த்தால், கதவோரத்து சீட்டில் ஒரு மடி ஆற்று மணலாம். ஈரமாக. பாலாற்றில் இப்போது அவ்வளவு மணல் எங்கே கிடைக்கிறது என்று அவன் கேட்டது நியாயம்தான்.

தெருவில் இவர் மட்டும். டியூப்லைட் ஒன்று விட்டு விட்டு எரிந்தது. பேனரில் அவரே அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு சத்தம். சரக்... சரக்... ஆற்று மணலில் கால் புதைந்து நடந்தால் வருமே, அந்தச் சத்தம். தெருவோ தார் ரோடு. இவர் நின்றால் அது நின்றது. நடந்தால் நடந்தது. எப்போதும் குரைக்கிற நாய், முகத்தை முன்னங்கால்களுக்குள் புதைத்துக்கொண்டு படுத்திருந்தது. இவர் திரும்பிப் பார்க்கவில்லை. வீடு நாலு வாசல் தள்ளி. அது போதும். அதற்குள் போய்விட்டால் போதும்.

கேட்டைத் தட்டினார். பெரியம்மா வடிவாம்பாள் தூக்கம் கலையாமல் வந்து திறந்தார். திறந்தவர் இவரைப் பார்க்கவில்லை. இவருடைய தோளுக்கு மேலே பார்த்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க" என்றார்.

பிறகு இவரிடம், "யாருங்க இவரு? கார்ல கொண்டாந்து விட்டவரா?"

அப்போதுதான் திரும்பினார். கேட். தெரு. டியூப்லைட். வேறு யாரும் இல்லை.

இங்கேதான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 'யாரும் இல்லையே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, கார் எங்கே என்பதுதான். அதற்கு அடுத்தது, எதில் வந்தீங்க. மாடியில் மகன் விழித்திருந்தான். எதிர்வீட்டு ஜன்னல் வேறு திறந்திருந்தது. கலியாணசுந்தரம் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

"ஆமா," என்றார். "விழாக்காரங்க ஆளு. நான்தான் வரச் சொன்னேன்."

"உள்ள வாங்கண்ணா," என்றார் பெரியம்மா, ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்து. "இப்படி நனைஞ்சுக்கினு வந்திருக்கீங்களே. துண்டு எடுத்துக்கினு வரேன், இருங்க."

ஒதுங்கி வழிவிட்டார். சரக்... சரக்... கூடத்துக்குள் போனது.

அன்றைக்குக் கூடத்தில் பாய் விரித்தார்கள். காலையில் பாய் ஈரமாக இருந்தது, மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. சொல்லாமல்கூடப் போயிட்டாரே என்று பெரியம்மா வருத்தப்பட்டார். அன்று ராத்திரி விளக்கு வைத்த பிறகு பெரியம்மாவே இவரிடம் சொன்னாராம், உங்க சிநேகிதரு திரும்ப வந்துட்டாரு, சோறு போடட்டுமா என்று. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஒரு வாரம் கழித்துப் பெரியம்மா இவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "என்னைக்குங்க போவாரு அவரு? நீங்களே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

இவர் யாரிடம் சொல்வார்? காரை விட்டு இறங்கிய பிறகு அவர் கண்ணுக்கு அந்த ஆள் இன்றுவரை தெரியவில்லை. சத்தம் மட்டும்தான்.

இதெல்லாம் முத்துக்குமார் சொன்னது. நான் நம்பவில்லை. போன மாதம் அவனோடு அந்த வீட்டுக்குப் போனேன். இனி நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

பேனர் இல்லை. கூடத்தில் பெரிய நாற்காலி, அதன் முதுகில் அந்தப் பாலியஸ்டர் பொன்னாடை. நாற்காலியில் யாரும் இல்லை. கலியாணசுந்தரம் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். பெரியம்மா காபி கொண்டுவந்தார். எங்கள் இரண்டு பேருக்கு மூன்று டம்ளர். மூன்றாவதைப் பெரிய நாற்காலியின் கைப்பிடிமேல் வைத்துவிட்டு, களைத்த முகத்தோடு உள்ளே போனார். பயம் இல்லை அந்த முகத்தில். ரொம்ப நாள் தங்கிவிட்ட விருந்தாளிக்குச் சமைத்துப் போடுகிற அலுப்புதான். நாற்காலிக்குக் கீழே, தரையில்... சொட். சொட்.

எழுந்துவிட்டோம். கலியாணசுந்தரம் கேட் வரை வந்தார். அந்தக் கை நெஞ்சுக்குப் போகவில்லை. வாயே திறக்கவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டை நாங்கள் சாத்தும்போது உள்ளே கூடத்திலிருந்து குரல் வந்தது. அவருடைய குரலேதான். அதே இறக்கம், அதே குழைவு.

"அவசியம் வரணும். எப்ப வேணா வாங்க. நம்ம வீட்டை உங்க வீடா நினைச்சுக்கங்க."

அவர் எங்கள் முன்னால் நின்றிருந்தார். வாய் மூடியிருந்தது.

முத்துக்குமார் என்ன செய்தான் தெரியுமா? பழக்கம். "கண்டிப்பா வரோம் பெரியப்பா" என்றான், கூடத்தைப் பார்த்து.

அவ்வளவுதான். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

சரி, ரேவதிம்மா, அம்மாவுக்குக் கிளம்பிவிட்டோம் என்று சொல்லிவிடு. சிஸ்டர், நீங்களும் பர்ஸை எடுங்கள். அந்தக் காலி சீட்டுக் காசைப் பங்கு போட்டுக்கொள்வோம். என்ன பெரிய காசு? ஒரு டீ, ஒரு பன். பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால் போதும். யாரும் இறங்கிப்போய் யாரையும் கூப்பிட வேண்டாம்...

தாவீது எங்கே?

கொஞ்சம் சும்மா இருங்கள். அந்தத் தூணுக்கு அப்பால், அவன் குரல்தானே அது?

"செவிலிமேடுதானே? வாங்கண்ணா, வாங்க. ஒரு சீட்டு இருக்குது."

இரண்டு பேர் நடந்து வருகிறார்கள். ஒருவர் நடைதான் தார் ரோட்டில் கேட்கிறது. மற்றது... சரக்... சரக்...