உரித்து வைத்த முகம்

காலையில் முகம் மழிப்பது எனக்குப் பிடித்த வேலை சார். கை நடுங்கவே நடுங்காது.

நானும் அண்ணனும் ஒரே மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தோம். அவர் மேலாளர். கதவுகளில் முகம் பார்த்துத் திறக்கும் கருவிகள் என் பொறுப்பு. சின்ன வயதிலிருந்தே பார்ப்பவர்கள் எல்லாம் என்னிடம், "அப்படியே அண்ணனை உரிச்சு வச்சிருக்கு" என்பார்கள். தம்பியை உரித்து வைத்திருக்கிறது என்று அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு வலித்தது. காரணம் அவ்வளவுதான்.

ஒவ்வொரு கதவின் கருவிக்கும் தனி நினைவு. அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஆளுக்கு வயதாகும், இளைப்பார் என்று தெரிந்து, ஒவ்வொரு முறையும் அன்றைய முகத்தைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளும். மருந்துகளை உறையவைக்கும் குளிரறைக்கு அண்ணன் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். நான் தினமும் அவர் எண்ணை அழுத்திவிட்டுப் போய் நின்றேன். முதலில் அவரைப்போலக் கண்ணாடியும் மீசையும். ஒரு மாதத்தில் கண்ணாடியைக் கழற்றினேன். பிறகு மீசையை வாரத்துக்கு ஒரு நூல் குறைத்தேன். அது முகம் சுளிக்கவே இல்லை.

அண்ணன் வந்த அன்று, மதிய உணவு நேரம். வாசலில் வேறு யாரும் இல்லை. கருவி அவரைத் தெரியாது என்றது. நான் முகத்தை நீட்டினேன். "மேலாளர் வருக" என்று திறந்தது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். வெளியே வரவும் முகம் காட்டியாக வேண்டும். திருட்டுக்குப் பயந்து அவரே போட்ட விதி.

"நீங்க உள்ள பாருங்கண்ணா, அதுக்குள்ள சரி பண்ணிடறேன்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து தொலைபேசி அடித்தது.

"விரல் மரத்துப்போச்சுடா. உன் மூஞ்சியக் காட்டித் திற."

"அடையாளம் தெரியாதவங்களுக்குத் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானேண்ணா கையெழுத்துப் போட்டீங்க?"

மரியாதையாகத்தான் சொன்னேன். பிறகு மூன்று முறை மணி அடித்தது. நான் எடுக்கவில்லை. நான்காவது முறை அடிக்கவில்லை. திறந்திருந்தால் பிழைத்திருப்பார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரைத் தெரியாது என்று முதலில் சொன்னது கருவிதான்.

மாலையில் அவர் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் வழியே பார்த்த அண்ணிகூட, "வந்துட்டீங்களா?" என்றார். அவருடைய மூன்று வயது மகள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"சித்தப்பா, அப்பா எங்க?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை சார்.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆறு மாதம், தினமும் இந்தச் சிறையில் அவளைப் பார்க்க மட்டும் அனுமதி வாங்கிக்கொடுங்கள். பழகிவிடும்.